மிச்சப் பேச்சு

சங்குமேட்டில் செத்தவர்கள் திரும்பி வரத் தொடங்கி அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதனால் சிவனணைந்தாள் உப்புப் பாத்தியில் மயங்கி விழுந்து செத்துப்போன அன்று, அவள் புருஷன் பலவேசத்துக்கு அழுகை வருவதற்கு முன்னால் வந்த நினைப்பு, இனி இவள் என்னவாக வருவாள் என்பதுதான். அடுத்து வந்த நினைப்பு, வந்து என்ன சொல்வாள் என்பது. அது வந்ததும் அவன் இருந்த இடத்திலேயே குந்திவிட்டான். ஊரார் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்கள்.

பாசமும் இல்லாமல் இல்லை. ஆனால் விஷயம் வேறு. அந்த உப்பளத்தில் ஆண்கள் பலகையால் உப்பை வாருவார்கள், பெண்கள் கூடையில் சுமப்பார்கள். பலவேசத்தின் பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கிச் சீழ் வைத்து, அவன் வீட்டோடு கிடந்த பத்து நாளும் அவனுடைய வாருபலகையைத் தூக்கிக்கொண்டு போனவள் சிவனணைந்தாள். எட்டாம் நாளே கால் ஆறிவிட்டது. வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆறின காலில் பழைய துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு ஆவும் போல, ஊன முடியல" என்றான் பலவேசம். அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பலகையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். பத்தாம் நாள் மத்தியானம் எட்டாம் நம்பர் பாத்தியில் விழுந்தாள். அங்கே சுமந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சந்தனமாரிதான் ஓடிப்போய் மடியில் எடுத்துப் போட்டவள். அப்போது பேச்சு நின்றுவிட்டிருந்தது.

அவளுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிந்தே போனாளா, நம்பிப் போனாளா? பலவேசத்துக்கு இந்த உலகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒன்றுதான் பாக்கி. அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிற ஊரில் அவன் இருந்தான், அதுதான் அவனைப் பிடித்த சனியன்.

சங்குமேட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே ரயில் தண்டவாளம், நடுவில் கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்திகள். அங்கே யார் செத்தாலும் பதினைந்தாம் நாள் பொழுது சாய, செத்தவர் படுத்திருந்த அறையில் விளக்கேற்றி, தரை முழுக்கப் பொடியுப்பைச் சலித்துப் பரப்பி, கதவைச் சாத்திவிடுவார்கள். பதினாறு விடிந்ததும் திறந்து தடம் பார்ப்பார்கள். முன்னெல்லாம் அது வெறும் சடங்கு. எலியோ பூச்சியோ ஓடின கீறலைப் பார்த்து, நல்ல இடத்துக்குப் போயிருக்கார் என்று சொல்லிவிட்டு வடை பாயசத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். டீக்கடை கொம்பையாவின் அப்பா செத்த வருஷம்தான், உப்பில் கொக்கின் கால் விழுந்தது, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு கொக்கு டீக்கடை பெஞ்சின் மேல் வந்து நின்றது. சீனி போட்ட டீயை அது தொடவில்லை. சீனியில்லாமல் போட்டுக் கொடுத்ததும் குடித்தது. ஊர் அதற்காக வாயைப் பிளக்கவில்லை, அவர் எப்போதும் அந்த நேரத்துக்கு வருகிறவர்தான், நீரிழிவுக்காரர்தான்.

அதற்குப் பிறகு ஊர் தன் நடப்பையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டது. பெருக்குகிறவர்கள் பூச்சிகளிடம் வழி கேட்டுக்கொண்டு பெருக்கினார்கள். மாமனார் காக்கையாக வந்து கூரையில் உட்கார்ந்தால் மருமகள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். கறிக்கடை மஸ்தான் பாய் 'இங்கே வெளியூர் ஆடு மட்டும்' என்று பலகை எழுதி மாட்டினார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் குலம் கோத்திரத்தோடு, பெண் வீட்டுத் தாத்தா இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்றும் கேட்டார்கள். படி என்பது ரேஷன் கடைச் சுவரில் எழுதியிருந்தது. கட்சிச் சின்னம் வரைகிற பெயிண்டரைக் கொண்டு எழுதின ஏழு படி: புல், புழு, மீன், பல்லி, பறவை, ஆடுமாடு, மனுஷன். ஏழுக்கு மேலே சாமியை வரைய இடம் விட்டிருந்தார்கள். எந்தச் சாமி என்பதில் இரண்டு தெருவுக்கும் தகராறு வந்து, போலீஸ் வந்து, அந்த இடம் காலியாகவே கிடந்தது.

சுவரை எழுதச் சொன்னதும், கதவு திறந்து தடம் படித்துச் சொல்வதும் மேஸ்திரி ஆதிமூலம். வெள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, வரப்பில் நின்றபடி கை நீட்டி வேலை வாங்குகிற மனுஷர். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு தடவைகூடப் பாத்திக்குள் கால் வைத்ததில்லை. பள்ளிக்கூடத்து ஜெபமணி டீச்சர் ரேஷன் வாங்க வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டு, "இது ஏணி இல்லங்க மேஸ்திரி. மரம். பல்லி அதும் கிளையில இருக்கு, நாம நம்ம கிளையில இருக்கோம். யாரும் யாருக்கும் மேல இல்ல" என்றார். "மரமாவே இருக்கட்டும் டீச்சர், ஏறத்தானே செய்யணும்?" என்று ஆதிமூலம் கேட்டார். டீச்சர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அவர்கள் வீட்டில் செத்தவர்கள் யாரும் வருவதில்லை, கடைசி நாளில் மொத்தமாக எழுந்திருப்பார்களாம். ஆனாலும் அம்மா செத்தபோது டீச்சர் வீட்டுக் குப்பையில் கொஞ்சம் பொடியுப்பு கிடந்ததை ஊர் பார்த்தது, நாகரிகமாக யாரும் கேட்கவில்லை.

ஏழாம் படிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை இருந்தது. பிள்ளை, அம்மா என்று சொல்வதற்கு முன்னால், போன பிறவியில் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லும். அதற்குப் பிறகு சுத்தமாக மறந்துவிடும். ஊரில் அதற்கு மிச்சப் பேச்சு என்று பெயர். கொக்காகவும் காளையாகவும் இருந்து பேரனாகப் பிறந்த கொம்பையாவின் அப்பா பதினோராம் மாதத்தில் சொன்னது, "டம்ளரைக் கழுவிட்டு ஊத்து." ஒரு பெண்பிள்ளை, பீரோ சாவி அரிசிப் பானையில் இருப்பதாகச் சொன்னது, இருந்தது. இன்னொரு பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்ன ஒன்றினால் இரண்டு அண்ணன் தம்பிகள் இன்று வரைக்கும் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை.

இப்போது பலவேசம் ஏன் அப்படிக் குந்திவிட்டான் என்று தெரிந்திருக்கும். சிவனணைந்தாள் பிள்ளையாகப் பிறந்து வாயைத் திறந்தால் அது அவன் கால் ஆறின கதையாக இருக்கலாம். ஊர் முன்னால் சொல்வாளோ என்று நடுங்கினான், சொல்லாமலே போய்விடுவாளோ என்று அதைவிட நடுங்கினான்.

பதினாறாம் நாள் கதவைத் திறந்தார்கள். விளக்கடியிலிருந்து வாசல் வரைக்கும் ஆட்டுக் குளம்பு. ஆதிமூலம் குனிந்து பார்த்தார். "ஆடு. ஆறாம் படி. கொடுத்து வச்சவ" என்றார். குளம்பின் நுனியெல்லாம் வாசலைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்திருந்ததை அவர் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலைப்படியை ஒட்டிக் கையளவு உப்பு குவிந்து கிடந்தது. கதவிடுக்குக் காற்று என்று பலவேசம் அதை அள்ளிப் பானையில் போட்டான்.

செம்மண் நிறத்தில் ஆடு வந்தது. நேரே வீட்டுக்குள் போய் அவள் தலை வைத்துப் படுக்கிற மூலையில் படுத்தது. அவன் துண்டை மென்றது. அவன் உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்து முகத்தையே பார்த்தது. "தெரியுமாட்டீ?" என்று அவன் ஒருநாளைக்கு நூறு தடவை கேட்டான். ஆடு அசை போட்டது.

அவன் தங்கை பூரணம், கூப்பிடு தூரத்தில் கீழத்தெருவில், ஆறு மாதக் கர்ப்பம். ஆதிமூலம் வந்து வாசலில் நின்று கணக்குப் போட்டார். "ஒரே படி, கையெட்டுற தூரம். பிள்ளைக்கு உசுரு தங்குற மாசம் இது. தள்ளிப்போட்டா வேற எவனாவது வந்து இடத்தைப் பிடிச்சுக்கிடுவான். ஏத்திவிட்டுரு பலவேசம்." கொல்வதற்கு அந்த ஊரில் அப்படித்தான் பேர் வைத்திருந்தார்கள், ஏத்திவிடுவது. சொந்தக்காரன் கையால்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். நாலைந்து பேர் செய்துமிருந்தார்கள், செய்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கியுமிருந்தார்கள்.

சந்தனமாரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே தம்பி, உன்னை என்ன செய்யுது?" என்றாள். மஸ்தான் பாய், "ஆளைத் தெரிஞ்சு என் கை வராது தம்பி, கத்தி வேணா தாரேன்" என்றார். தந்தார்.

ஆடு திமிறவில்லை. கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு என்ன இருக்கிறது, புருஷனைப் பெண்டாட்டி பார்க்கிற பார்வைதான்.

பதினாறு நாள் அவன் தங்கை வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் உப்பில் காக்கைக் கால். ஆதிமூலம் இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் விரல்கள் விளக்கைப் பார்த்துத் திரும்பியிருப்பதைக் காட்டி, "முகம் திரும்பியிருக்கு பாத்தியா. எல்லாருக்கும் வாசலைப் பாத்து இருக்கும். இவ இறங்குதா" என்றார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஒன்பது வருஷத்தில் இறங்கினவர்கள் யாருமில்லை. வட்டிக்கு விட்டுக் குடும்பங்களைக் குடித்த ஆளுகூட ஓணானாக வந்து ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது. என்ன பாவம் செய்தாளோ. மாமியாருக்குக் கஞ்சி ஊற்றாமல் விட்டாளாம். கோயில் கொடை விழாவுக்குத் தீட்டோடு வந்தாளாம். உப்பை மடியில் கட்டிக்கொண்டு போவாளாம். தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, அவள் இருபது வருஷம் அவர்களுக்குச் செய்ததெல்லாம் மறந்து, ஊர் அவள் பேரைச் சவைத்துத் துப்பியது. சந்தனமாரி மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனாள். பலவேசம் வாய் திறக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் அவள் பேர் சுத்தமாகிவிடும். அந்த ஒரு வாக்கியம் அவன் தொண்டைக்குள் வந்து வந்து திரும்பிப் போனது, வெட்கங்கெட்ட மனுஷன், திரும்பிப் போக விட்டான்.

காக்கை எட்டு மாதம் இருந்தது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து உள்பக்கமே பார்க்கும். அவன் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பான், அது கரையும், அவன் அந்தக் கரைச்சலுக்குள் விரலை விட்டுத் தேடாத குறையாகத் தேடுவான். பாவத்தைக் குறைக்க என்னவெல்லாமோ செய்தான். திருச்செந்தூருக்கு நடந்தான். எறும்புப் புற்றுக்கெல்லாம் நொய் வைத்தான். அரிசியும் உப்பும் இல்லாமல் நாற்பத்தெட்டு நாள் கிடந்தான். காக்கை டிரான்ஸ்பார்மர் கம்பியில் செத்தது, உப்பில் பல்லித் தடம் விழுந்தது.

பல்லி பத்து மாதம். காலண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு சத்தம் கொடுக்கும். பல்லி சொன்னால் பலிக்கும் என்பது ஊர் அறிந்தது. "உனக்குத் தெரியும், அப்படித்தானே?" என்பான், டிச் டிச் என்னும். சற்று நேரம் கழித்து, "உனக்குத் தெரியாது, அப்படித்தானே?" என்பான், அதற்கும் டிச் டிச் என்னும். இதற்கிடையில், வயசு ஒன்று தாண்டியும் பேசாமலிருந்த பூரணத்தின் பிள்ளைக்கு வாய் திறக்கிற காலம் வந்தது. ஒருவேளை ஆதிமூலம் தடத்தைத் தப்பாகப் படித்திருந்தால், ஒருவேளை அந்தப் பல்லி வேறு யாரோவாக இருந்தால் என்று, வேலையைப் போட்டுவிட்டு ஏழு நாள் தங்கை வீட்டு வாசலில் குந்தியிருந்தான். எட்டாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ரெண்டு தோசை போதும்" என்றது. யாரென்று யாருக்கும் தெரியவில்லை. பலவேசம் வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்தினான். நிலையிடுக்கில் இருந்த பல்லியை அவன் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல்லிக்குப் பதினாறாம் நாள் உப்பில் மீன் செதில் அடித்த கோலம் கண்டதும் கடல் தண்ணீர் வருகிற வாய்க்காலுக்கு ஓடி, மடையடியில் தானாக வந்து நின்ற விரலளவு மீனை அலுமினியச் சட்டியில் ஏந்திக்கொண்டு வந்தான். மீன் அவனைப் பார்த்து வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. சத்தம் இல்லை. ஆட்டுக்காவது ஒரு குரல் இருந்தது. படிக்குப் படி அவள் வாய் சுருங்கிக்கொண்டே போவதை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டி மேல் குனிந்து, "என்னத்தைடீ சொல்லுத, கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்" என்று அவன் கெஞ்சுவதைச் சுவரின் அந்தப் பக்கம் கேட்டு, சந்தனமாரி உலையை இறக்கி வைத்துவிட்டு அழுவாள்.

இரண்டு மாதத்தில் மீன் மிதந்தது. உப்பில் ஒரு ஈரக்கோடு, நத்தை போன கோடு. அவன் அந்த அறையைப் பெருக்கவேயில்லை, அப்படியே சுருண்டு கிடந்தான். நத்தையும் வந்தது. வீடு தெரிந்து வந்தது. நிலைப்படி ஏறி உள்ளே இறங்கினால் தரை முழுக்க உப்பு. அவன் கண் விழித்துப் பார்த்தபோது ஓடும் கொஞ்சம் நுரையும்தான் மிச்சம்.

இப்படியும் ஒரு மனுஷன் ஒருத்தியைத் திரும்பத் திரும்பக் கொல்வானா என்று பலவேசம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தேற்ற யாரும் வரவில்லை, இறங்குகிற வீட்டுக்குள் கால் வைக்க ஊருக்குப் பயம் வந்துவிட்டிருந்தது. சந்தனமாரி மட்டும் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் செத்த கத்திரியோடு சேர்த்து மூன்றாம் கத்திரியில், நத்தைக்குப் பதினாறு வந்தது. ஆதிமூலம் கடமைக்கு வந்தார், கதவைத் திறந்தார், சுற்றிப் பார்த்தார். காலுமில்லை, கோடுமில்லை. "ஒண்ணுமே இல்லையே. முடிஞ்சிட்டு போ" என்று செருப்பைத் தேடினார்.

பலவேசம் போகவில்லை. தடம் இருந்த வரைக்கும் எல்லார் கண்ணும் தடத்தின் மேல் இருந்தது. இப்போது தடமில்லாததால் உப்பு தெரிந்தது. விளக்கடியிலிருந்து நிலைப்படி வரைக்கும், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட அகலத்தில், உப்பு வழித்திருந்தது. கரை இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேர். நிலைப்படியில், ஒவ்வொரு தடவையும் காற்று என்று அவன் அள்ளிப் போட்ட அதே கையளவு குவியல். மண்டியிட்டுச் சாண் வைத்து அளந்தான். அளக்கத் தேவையே இல்லை, அந்த அகலத்தை அவன் உள்ளங்கை இருபது வருஷமாக அறியும். அது அவன் வாருபலகையின் அகலம்.

வாருகிறவன் பின்னால்தான் நடப்பான். பலகையை முன்னால் போட்டு, இழுத்து, ஓரடி பின்வைத்து, மறுபடி இழுத்து, வரப்பில் முதுகு முட்டுகிற மட்டும் பின்னாலேயே போவான். பாத்தியில் இறங்கினவன் எவனுக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் பரப்பின உப்பில் அதை எவன் நினைப்பான்? அதிலும் தடம் படித்தவர் பாத்தியில் இறங்கச் செருப்புக் கழற்றாத மேஸ்திரி. குளம்பு விளக்கைப் பார்த்திருந்தது அவள் இறங்கினதால் இல்லை. அவள் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். அவன் வேலையை அவன் பலகையால் செய்துகொண்டிருந்தபோது உயிர் போயிற்று, நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆட்டின் வழியாகவும் காக்கையின் வழியாகவும் பல்லி மீன் நத்தையின் வழியாகவும், முகத்தை அவன் பக்கம் வைத்துக்கொண்டு, பொய் சொல்லிப் படுத்திருந்த புருஷனுடைய உப்பை இன்னும் வாரிக்கொண்டே போகிறாள்.

"எம்மா" என்று பலவேசம் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அதே நேரத்தில் உப்பளத்திலிருந்து ஆள் ஓடிவந்தது. எட்டாம் நம்பர் பாத்தி சிவந்து கிடக்கிறதாம். சுற்றிலும் இருபத்துமூன்று பாத்தி வெள்ளையாக இருக்க, அது மட்டும் செம்பருத்திச் சாறு ஊற்றின மாதிரி கிடந்தது. ஊர் முழுக்க வரப்பில் போய் நின்றது. ஜெபமணி டீச்சரும் குடையோடு வந்திருந்தார். ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"இதுவும் உசுருதான்" என்றார். "கண்ணுக்குத் தெரியாத உசுரு. உப்பு முத்தின தண்ணியில வரும். கண்ணு, காது, வாயி ஒண்ணும் கிடையாது. ஆதியில இது மாதிரி ஒண்ணுலருந்துதான் எல்லாம் வந்தது. பல்லி, ஆடு, நீங்க, நான், எல்லாம்."

"அப்ப இங்கருந்து திரும்பி மனுஷியா வரணும்னா, டீச்சர்?" பலவேசம் கேட்டான். "எத்தனை வருஷம் ஆவும்?"

டீச்சர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "போன தடவை முந்நூத்தம்பது கோடி வருஷம் ஆச்சு" என்றார்.

அவன் தலையை ஆட்டினான். ரொம்பப் பக்கத்திலிருக்கிற ஊருக்கு வழி கேட்டுத் தெரிந்துகொண்டவன் மாதிரி, சரி சரி என்று ஆட்டினான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். கணுக்கால் அளவு சிவப்பு. நடுவில் போய் நின்றான். காதில்லை என்று இப்போதுதான் சொன்னார்கள், ஆனால் காதிருந்த காலத்தில் அவன் சொல்லவில்லையே.

"சிவனணைஞ்சா, பலகையைக் கீழ வையி" என்றான். குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "போதும்டீ. எனக்குக் காலு எட்டாம் நாளே ஆறிட்டு. வெயிலுக்குப் பயந்து பொய் சொன்னேன். துணியைச் சுத்திக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன், உன்னை அனுப்பிட்டு நல்லாத் தூங்கினேன். நீ செத்தது என்னால. ஆட்டை அறுத்ததும், உன் வாயிலருந்து அதைக் கேக்கணும்கிற வெறியில. உம்மேல ஒரு பாவமும் கிடையாது. ஊரு பேசினப்ப வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். என் வேலையை இனிச் செய்யாத. கீழ வச்சிரு தாயி."

குழாயடியில் அதிகம் பேசினவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாத்தி சிவப்பாகவே கிடந்தது. அதற்கு வாயில்லை.

"அவளுக்குத்தான் தெரியுமே" என்றாள் சந்தனமாரி.

பலவேசம் திரும்பினான்.

"உன் காலு ஆறினது அவளுக்குத் தெரியும் தம்பி. எட்டாம் நாளு காலம்பற தண்ணி டிரம்முகிட்ட வச்சு எங்கிட்டச் சொன்னா. நீ தூங்கும்போது துணியை அவுத்து மருந்து போடப் பாத்திருக்கா. வெடிப்பு மூடி, தோலு வந்துட்டாம். திருப்பிக் கட்டி விட்டுட்டு வந்தாளாம்." சந்தனமாரிக்கு மூச்சு வாங்கியது. "'ஆறிட்டு மைனி, சும்மா கிடக்காக. இருவது வருசம் வெயில்ல நின்ன மனுசன், ரெண்டு நாளு கிடக்கட்டும்' அப்படின்னா. சொல்லிட்டுச் சிரிச்சா."

"மைனி." அவன் அவளை நோக்கி ஓரடி வைத்தான். "ஏன் மைனி எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஆட்டுக்கிட்டக் கேட்ட, காக்காகிட்டக் கேட்ட, பல்லிகிட்டக் கேட்ட. தெரியுமா தெரியுமான்னு கேட்டியே ஒழிய என்ன தெரியுமான்னு ஒருநாளும் வாயால சொல்லலியே. அவ எங்கயோ வச்ச நகை நட்டை நீ கேக்குதன்னுல்லா நான் நினைச்சிருந்தேன். நீ பொய் சொன்ன கதையை நானா எடுத்து உன் முகத்துல எறிய முடியுமா? செத்தவ மறைச்சு வச்சதை நான் அவுக்கவான்னு இருந்துட்டேன். பக்கத்து வீடுதானே தம்பி. ஒத்தச் சுவரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

பலவேசம் அப்படியே உப்புத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். சிவப்பு அவன் இடுப்பு வேட்டியில் ஏறியது. மஸ்தான் பாயின் கத்தியும், ஆடு பார்த்த பார்வையும், ஓங்கிச் சாத்தின கதவும், நுரையும் ஒவ்வொன்றாக அவன் முன்னால் வந்து நின்றன. ஒன்றுக்கும் தேவை இருந்திருக்கவில்லை. அவன் அழுத அழுகையைச் சங்குமேட்டில் அதற்கு முன்பு யாரும் எந்த உயிரிடமிருந்தும் கேட்டதில்லை.

ஆதிமூலம் தொண்டையைச் செருமி, வெயில் ஏறுவதற்குள் பாத்தியை என்ன செய்வது என்று முதலாளி கேட்பார் என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சிரிச்சாளா மைனி?" என்று கேட்டான் பலவேசம்.

"சிரிச்சா."

"எப்படிச் சிரிச்சா?"

சந்தனமாரிக்கு அறுபது வயது, முன்பல் இரண்டு கிடையாது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வராமல் சிவனணைந்தாள் சிரிக்கிற மாதிரி சிரித்துக் காட்டினாள். அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க மைனி. முதல்லருந்து."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள். சுமக்கிற கூடையை அவன் எதிரே கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "ஆறிட்டு மைனி" என்று மறுபடியும் ஆரம்பித்தாள்.